லோயர், ஹையர், ஸ்டெனோ: சான்றிதழ் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேரும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "இந்தச் சர்டிபிகேட்டை இப்பவும் யாராவது மதிக்கிறாங்களா?" சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேலாளருக்குச் செயலாளராக இருந்துவிட்டு, பிறகு அதே வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையிலும் உட்கார்ந்தவள் நான். மாநில அரசு, மத்திய அரசு, தனியார் என்று மூன்று இடத்திலும் இதற்கு மூன்று விதமான மதிப்பு. எந்த வாசலுக்குப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் சான்றிதழ் எடுக்கத் தொடங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

தமிழ்நாடு அரசுப் பணியில் தட்டச்சர் ஆக வேண்டுமானால் சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே போக முடியாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், நடத்தும் அரசுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதில் லோயர் என்பது கீழ்நிலை, ஹையர் என்பது மேல்நிலை. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். வேகத் தாளோடு முடிவதில்லை. லெட்டரும் ஸ்டேட்மெண்டும் கொண்ட இன்னொரு தாளும் உண்டு. ஸ்பீடு வந்துவிட்டது என்று அந்தத் தாளை அலட்சியமாக விட்டு அரியர் வைத்தவர்கள் நிறையப் பேர்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர் முடித்ததும், "தகுதி வந்துவிட்டது, போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். தகுதி வந்தது உண்மைதான். ஆனால் தட்டச்சர் பணிக்கு ஆள் எடுக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 அறிவிக்கையைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தட்டச்சர் பணிக்கு இரண்டு மொழியிலும் ஹையர் முடித்தவர்களுக்கே முதல் முன்னுரிமை. அவர்கள் கிடைக்காதபோது தமிழ் ஹையரும் இங்கிலீஷ் லோயரும் உள்ளவர்கள். அதற்கும் பிறகுதான் இங்கிலீஷ் ஹையரும் தமிழ் லோயரும் உள்ளவர்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, ஒரேயொரு ஹையர் இல்லாததால் பின்னால் நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாளாது. இன்னும் ஆறே மாதம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருந்தால் அந்தக் குறை தீர்ந்திருக்கும்.

நாள் கணக்கும் முக்கியம். அறிவிக்கை வெளியாகும் நாளில் தகுதி கையில் இருக்க வேண்டும். "ஆகஸ்டில் எழுதியிருக்கிறேன், ரிசல்ட் வரப்போகிறது" என்பது அங்கே எடுபடாது. குரூப் 4 எழுதும் எண்ணம் இருந்தால் அறிவிக்கைக்குக் குறைந்தது இரண்டு தேர்வுத் தவணை முன்னதாகவே தட்டச்சை முடித்துவிடுங்கள். கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழ், அதாவது எல்லோரும் சி.ஓ.ஏ. என்று சொல்வது, இந்த விஷயத்தில் கொஞ்சம் தளர்வானது. அது இல்லாமலும் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். வேலை கிடைத்தபின் தகுதிகாண் காலத்துக்குள் வாங்கிவிட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, சி.ஓ.ஏ. இல்லையே என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டவர்களும் உண்டு.

மத்திய அரசுப் பக்கம் கதையே வேறு. பணியாளர் தேர்வு ஆணையத்தின் (எஸ்.எஸ்.சி.) ஸ்டெனோகிராஃபர், அதாவது சுருக்கெழுத்தர், பணிக்குப் பிளஸ் டூ போதும். சுருக்கெழுத்துச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நேரே உட்காரவைத்து 10 நிமிடம் டிக்டேஷன் கொடுப்பார்கள். டி கிரேடுக்கு நிமிடத்துக்கு 80 சொல், சி கிரேடுக்கு 100 சொல். எடுத்த குறிப்பைக் கணினியில் அடித்துத் தர ஆங்கிலத்துக்கு டி கிரேடில் 50 நிமிடம், சி கிரேடில் 40 நிமிடம். இதற்கு இரண்டு வருடம் முன்பு வாங்கிய சான்றிதழ் உதவாது, அன்றைய கை வேகம்தான் உதவும். நம் ஊர் அரசுத் தேர்வில் ஆங்கிலச் சுருக்கெழுத்து லோயரே 80 சொல் என்பதால், அந்தப் பயிற்சி டி கிரேடுக்கு நல்ல அடித்தளம். லோயர் பாஸானதும் நோட்டை மூடிவிட்டால், மூன்றே மாதத்தில் சுருக்கெழுத்துக் கோடுகள் கையை விட்டுப் போய்விடும். இன்னொன்று: அந்தத் திறன் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்ச் சுருக்கெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு டெல்லிப் பணியை எண்ணியிருப்பவர்கள் இப்போதே ஆங்கிலத்தையும் தொடங்குங்கள்.

இனி தனியார். இங்கே என் அனுபவத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒருமுறை ஒரு பெண் ஆறு சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் ஃபைலில் அழகாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். மேலாளர் அவற்றை இரண்டு நிமிடம் புரட்டினார். பிறகு, பொருள் தாமதமாக வந்ததற்காக ஒரு சப்ளையருக்கு என்ன எழுத வேண்டும் என்று வாயால் சொல்லி, "மெயிலா அடிச்சுக் கொடும்மா" என்றார். அவள் சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள். சப்ஜெக்ட் வரி இல்லை, ஆர்டர் எண் இல்லை, எப்போதுக்குள் பதில் வேண்டும் என்பதும் இல்லை. அடுத்து வந்தவளிடம் இங்கிலீஷ் ஹையர் ஒன்றுதான் இருந்தது. அவள் அடிக்கத் தொடங்கும் முன் "ஆர்டர் நம்பர் என்ன சார்?" என்று கேட்டாள். வேலை அவளுக்குப் போனது.

முதல் பெண்ணின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழ்கள்தான் அவளை நேர்காணல் வரை கொண்டுவந்தன. கைவசம் இருந்த வேலையைக் காட்ட யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆகவே ரெஸ்யூமேயில் சான்றிதழின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். இன்றைக்கு உங்கள் வேகம் என்ன, எக்செல்லில் என்னென்ன தெரியும், மீட்டிங் மினிட்ஸ் எழுதியிருக்கிறீர்களா, பயண ஏற்பாடு செய்திருக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள். தமிழில் யூனிகோடில் அடிக்கத் தெரியும் என்றால் அதையும் சேருங்கள். இன்ஸ்டிட்யூட் மிஷினில் தமிழ் ஹையர் முடித்த பலர் கணினி முன் உட்கார்ந்ததும் திணறுகிறார்கள். பழைய தட்டச்சு விசைப்பலகையின் எழுத்து வரிசையைக் கணினியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரியாததே காரணம்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி செக்ரட்டரி என்பது முற்றிலும் வேறு தொழில். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இன்ஸ்டிட்யூட் நடத்தும் படிப்பு, நிறுவனச் சட்டம் சார்ந்த வேலை. செக்ரட்டரி கோர்ஸ் என்று கேட்டுப் போய் அதில் சேர்ந்து பாதியில் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1951 முதலே செயலாளர்களுக்குத் தனித் தொழில்முறைத் தேர்வு இருந்திருக்கிறது. அந்த மாதிரி வெளிநாட்டுச் சான்றிதழைக் கேட்கும் வேலை விளம்பரம் எதையும் நான் சென்னையில் பார்த்ததில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் ஏற்கெனவே வேலையில் இருந்து, பதவி உயர்வுக்கு அது உதவும் என்று மேலதிகாரியே சொன்னால் செலவழிக்கலாம்.

கடைசியாக, தெருவோரத் தட்டியில் "மூன்று மாதத்தில் எக்ஸிக்யூட்டிவ் செக்ரட்டரி டிப்ளமோ" என்று பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு. சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும் என்று முதலில் கேளுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககமா, ஐ.டி.ஐ.யின் ஸ்டெனோகிராஃபர் பிரிவுக்குத் தரும் தேசியச் சான்றிதழா, இல்லை அந்தக் கடையின் சொந்த முத்திரை மட்டுமா? சொந்த முத்திரை என்றால் கட்டணத்தைக் கட்டாமல் வெளியே வாருங்கள். அதே பணத்தில் அடுத்த தெரு இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் ஹையரைத் தொடங்கிவிடலாம்.