மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிளுக்கு எந்த ட்யூப் தாங்கும்?

பஞ்சரான பழைய ட்யூபைத் தூக்கிப் போடுமுன் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால், அது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிய ட்யூப். தரையைப் பார்க்கும் பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் பெரும்பாலும் முள். ரிம் பக்கம் என்றால் ரிம் டேப் (ரிம்மின் உட்புறம் கம்பித் துளைகளை மூடும் பட்டை) விலகியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை ட்யூப் மாற்றினாலும் வீண்செலவுதான்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 58-622 என்பதுபோல் இருக்கும். 58 டயரின் அகலம், மில்லிமீட்டரில்; இஞ்ச்சில் ஏறத்தாழ 2.3. 622 என்றால் 29 இஞ்ச் சக்கரம். 584 என்றால் 27.5, 559 என்றால் 26. ட்யூப் பெட்டியில் அகலம் 1.9–2.4 இஞ்ச் என்று போட்டிருந்தால் 2.3 டயருக்குச் சரி. ஒல்லியான ட்யூபை அகல டயருக்குள் போட்டால் அது பலூன்போல் இழுபட்டு மெலிந்துவிடும். சின்ன முள்ளே போதும். மிகப் பெரியது மடிந்து, மடிப்பிலேயே தேய்ந்து கிழியும்.

விலைக்கும் உழைப்புக்கும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர்தான் ஏற்றது. சாதாரண கனத்தில் 29 இஞ்ச் ட்யூப் ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். அதைவிட மிக லேசானவற்றை மலைப்பாதைக்கு எடுக்காதீர்கள். மலையிறக்க ஓட்டத்துக்கான தடித்த டவுன்ஹில் ட்யூப் ஏறத்தாழ இரட்டிப்பு எடை. பாறை நிறைந்த பாதையென்றால் பின்சக்கரத்துக்கு மட்டும் போடலாம். முள்தான் தொல்லை என்றால் கனத்தை நம்பாதீர்கள். வால்வின் உள்கோர் (காற்றை அடைக்கும் உள்பாகம்) கழலக்கூடிய ட்யூப் வாங்கி, சக்கரத்துக்கு 60 முதல் 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள்.

கடையிலேயே ட்யூபைப் பிரித்துப் பாருங்கள். வால்வு அடியில் ரப்பர் தடித்து, விளிம்பு தூக்காமல் ஒட்டியிருக்க வேண்டும். மலிவு ட்யூப்கள் முதலில் விட்டுக்கொடுப்பது அங்கேயும் ரப்பர் ஒட்டிய இணைப்பிலும்தான். ஒல்லியான பிரெஸ்டா வகை வால்வை, கார் டயரில் இருப்பதுபோன்ற தடித்த ஷ்ரேடர் வால்வுக்கான 8.5 மி.மீ. ரிம் துளையில் அப்படியே மாட்டினால் துளையின் ஓரம் வால்வின் அடியை அறுக்கும், இடைவளையம் போடுங்கள்.

மாட்டும்போது, டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். உடைந்து நிற்கும் முள்நுனி துணியில் சிக்கும். ட்யூப் உருண்டை வடிவம் எடுக்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயர் விளிம்பை ரிம்முக்குள் தள்ளுவதை வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வில் முடியுங்கள், நெம்பும் லீவர் இல்லாமல் கட்டைவிரலால். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி, டயர் விளிம்பு ட்யூபைக் கடிக்கவில்லை என்று இரு பக்கமும் பார்த்தபின் முழுக்காற்று.

70 கிலோ ஆளுக்கு 2.3 டயரில் முன்னே 26, பின்னே 29 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று தொடங்கலாம். பாறையில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 கூட்டுங்கள். வால்வு சாய்ந்து நின்றால் காற்றுக் குறைவால் டயர் ரிம்மில் நகர்ந்திருக்கிறது; காற்றிறக்கி நேராக்காவிட்டால் வால்வின் அடி கிழியும், அங்கே ஒட்டுப் போட்டாலும் நிற்காது.

மாற்று ட்யூபைப் பழைய காலுறைக்குள் போட்டு வையுங்கள். ஸ்பேனரோடு உரசியே பையிலேயே ஓட்டையாகிற ட்யூப்கள் ஏராளம்.