சுகர் இறங்கும்போது உதவ ஒரு நண்பரைத் தயார் செய்வது எப்படி?

எனக்கு 13 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இரண்டு வருடம் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சுகர் இறங்கியபோது பையில் குளுக்கோஸ் இருந்தும் ஜிப்பைத் திறக்க முடியாமல் விரல்கள் நடுங்கின. பக்கத்தில் இருந்தவள் நான் தூங்கி வழிகிறேன் என்று நினைத்துவிட்டாள். மூளை ஓடுவதே குளுக்கோஸில்தான். அது குறைந்தால் உதவி கேட்கக்கூடத் தோன்றாது. அதனால் ஒருவருக்காவது முன்பே சொல்லிக்கொடுத்து வையுங்கள்.

1. ஆளைத் தேர்ந்தெடுங்கள். உயிர்த்தோழியாக இருக்க வேண்டும் என்றில்லை. அதிக நேரம் கூட இருப்பவர், சட்டென்று பதறாதவர் போதும்.

2. சுகர் சரியாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். "என் உடம்பில் இன்சுலின் சுரக்காது, அதனால் ஊசி போட்டுக்கறேன். சில நேரம் சுகர் ரொம்ப இறங்கிடும், அப்போ நீ உதவணும்." இவ்வளவுதான். இனிப்பு தின்றதால் வந்ததா, ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பார்கள், இரண்டுமே இல்லை. வயதானவர்கள் நோய்தானே என்றால், 1922-ல் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டதே 14 வயதுப் பையனுக்குத்தான் என்று சொல்லுங்கள்.

3. உங்கள் அறிகுறிகளைக் காட்டிக்கொடுங்கள். வியர்வை, நடுக்கம், பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் என்று ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு முதலில் கையெழுத்து கோணும்.

4. என்ன செய்வது என்று ஒத்திகை பாருங்கள். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். சுகர் 70 mg/dL-க்குக் கீழே போனால் வேகமாகச் சேரும் 15 கிராம் மாவுச்சத்து வேண்டும்: அரை கப் பழச்சாறு, அல்லது தண்ணீரில் கரைத்த நாலு தேக்கரண்டி சர்க்கரை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதமாக்கும். 'டயட்' பானத்தில் சர்க்கரையே இல்லை. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் அதையே திரும்பக் கொடுக்க வேண்டும். சோதிக்கும் முன் கை கழுவுவது முக்கியம். பழச்சாறு ஒட்டிய விரலில் குத்தினால் சுகர் ஏறிவிட்டதாகத் தப்பாகக் காட்டும். சுகர் சரியாகும்வரை உங்களைத் தனியாக எங்கும் அனுப்பக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூட.

5. மயங்கினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பெரியவர்களையும் ஆம்புலன்ஸையும் அழைக்க வேண்டும். மருத்துவர் குளுகாகன் (சுகரை ஏற்றும் அவசர மருந்து) கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று முன்பே காட்டிவிடுங்கள்.

6. எது வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். "இதைச் சாப்பிடலாமா நீ?" என்ற கேள்வி எனக்கு ஊசியைவிட அதிகமாக வலித்தது. வளரும் வயதில் ஹார்மோன்களே சுகரை ஏற்றிவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் எண் தாறுமாறாக வரும். அது மதிப்பெண் இல்லை.

7. அப்புறம் உங்கள் பங்கு. குளுக்கோஸ் எப்போதும் பையின் ஒரே அறையில் இருக்கட்டும். ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து இன்சுலின் சரியாகச் சேராது. விளையாடிய அன்று இரவிலும் சுகர் இறங்கலாம். காய்ச்சலில் சாப்பிட முடியாவிட்டாலும் இன்சுலினை நிறுத்தாமல், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாமே சலித்து ஊசியைத் தவிர்க்கத் தோன்றினால் அதையும் அவரிடம் மறைக்காதீர்கள். இதே நோய் உள்ள உங்கள் வயதுக்காரர் யாரையாவது அறிமுகப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அப்படி ஒருத்தி கிடைத்தாள். இரவு 2 மணிக்கு "லோ, ஜூஸ் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்" என்று செய்தி அனுப்பினால், அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது.