ஆப்பிரிக்க வேட்டைக்கு ஒரே ரைஃபிள் போதும்

ஒரே பயணத்தில் கேப் எருமையும் குடு மானும் வேட்டையாடப் போகிறீர்களா? இரண்டு ரைஃபிள் சுமக்க வேண்டாம். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டாவுக்கான ரைஃபிள் ஒன்று போதும்.

1912-இல் வந்த தோட்டா இது. 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) குண்டை நொடிக்கு ஏறக்குறைய 2,500 அடி வேகத்தில் செலுத்தும். எருமைக்கு அந்தத் தாக்கம் போதும். 200 மீட்டர் தூரத்து மானைக் குறிவைத்தாலும் குண்டின் பாதை அவ்வளவாகத் தாழாது. பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு இதைவிடச் சிறிய காலிபரை (அங்குலத்தில் சொல்லும் குண்டின் விட்டம்) அனுமதிப்பதில்லை என்பதால் சட்டச் சிக்கலும் குறைவு. அப்புறம், ஒரே துப்பாக்கி என்றால் இறக்குமதி அனுமதி வேலையும் விமானச் சுமையும் குறையும்.

இம்பாலா, குடு போன்ற மான்கள் மட்டும்தான் என்றால் இது தேவையில்லை; அதைவிடச் சிறிய .30-06 தோட்டா தாராளம். .375-இன் உதைப்புக்குப் பயந்து விசையை அழுத்தும்போது கண்ணை மூடுபவராக இருந்தாலும் மானுக்கு அந்த .30-06-ஏ நல்லது. இடம் தவறிப் பட்ட பெரிய குண்டைவிடச் சரியான இடத்தில் பட்ட சிறிய குண்டு மேல். யானை வேட்டைக்கு, .375-க்குச் சட்டம் இடம் கொடுத்தாலும், வழிகாட்டிகள் பலர் .416 அல்லது அதற்கு மேல்தான் கேட்பார்கள். எதற்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.