ஏரிக்கரை எங்கே முடிகிறது?

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஏரிக்கு எல்லை குறிக்க முதல்முறை போனது மே மாதம். தண்ணீரே இல்லை; ஆடு மேய்ந்த பொட்டலைத்தான் படம் போட்டு வந்தேன். ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்தால் நான் நட்ட குச்சிகள் எல்லாம் முழங்கால் தண்ணீரில். அதனால் இரண்டு பருவமும் போங்கள்.

நீர், செடி, மண் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மரத்தண்டில் பழைய நீர்மட்டக் கறை, ஒதுங்கிய சருகு வரிசை இரண்டும் வெள்ளம் தொட்ட இடத்தைக் காட்டும். செடிகளில், ஈரத்தில் வளரும் கோரையையும் சம்பையும் நம்பலாம். நெய்வேலிக் காட்டாமணக்கை நம்பாதீர்கள், அது வறண்ட மேட்டிலும் செழிக்கும்.

மண்ணுக்கு ஒரு முழம் தோண்டுங்கள். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் இருந்தால் நீர் தேங்கும் மண். காற்றில்லாத மண்ணில் இரும்பு கரைந்து நகர்ந்து, காற்றுப் படும் வேர்த்தடத்தில் துருவாகப் படிகிறது. டெல்டாவில் இங்கேதான் சிக்கல்: தண்ணீர் கட்டும் நெல்வயல் மண்ணும் அப்படியேதான் இருக்கும். வயலை ஒட்டிய பக்கம் மண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏரி, சதுப்பு போன்ற ஈரநிலங்களுக்கான மத்திய அரசின் 2017 விதிகளும் நெல்வயலை ஈரநிலக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நீரிலிருந்து மேட்டை நோக்கி நேர்கோட்டில் நடந்து, அடையாளங்கள் மாறும் இடத்தில் ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள். கைப்பேசி சில மீட்டர் தவறும்; மரத்தடியில் இன்னும் மோசம். புள்ளிகளை இணைத்தபின் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (அரசு நில அளவை வரைபடம்) கேட்டு ஒப்பிடுங்கள். சர்வே கல் ஒரு கோட்டைச் சொல்லும், தண்ணீர் வேறொன்றைச் சொல்லும். இரண்டையும் வேறு வேறு நிறத்தில் வரையுங்கள்.