கருப்பை வாய்ப் புற்றுநோய் எம்ஆர்ஐ: முதலில் கோணத்தைப் பாருங்கள்
கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எம்ஆர்ஐ என் முன்னால் வந்தால், கட்டியைத் தேடும் முன் ஸ்லைஸ் எந்தக் கோணத்தில் வெட்டியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். புதிதாக ரிப்போர்ட் எழுத வருகிறவர்களுக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, கருப்பை வாயைச் சுற்றியுள்ள கறுப்பு வளையம் (அதன் நார்த்திசுச் சுவர்) இடப்பக்கம் அறுந்திருப்பதாக எழுதிவிட்டேன். அப்படியென்றால் 2பி நிலை, அதாவது கட்டி கருப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குப் பரவிவிட்டது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை கிடையாது, கதிர்வீச்சும் கீமோவும்தான். "கருப்பை வாய் சாய்ந்து கிடக்குது, படத்தை நேர் குறுக்கா வெட்டியிருக்காங்க, பாரும்மா" என்றார் என் ஆசிரியர். சரியான சாய்வில் மறுபடி எடுத்தோம். வளையம் முழுசாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது.

அதனால், முதலில் பக்கவாட்டு டி2 (நீர் வெள்ளையாகத் தெரியும் எம்ஆர்ஐ படம்) எடுங்கள். அதில் கருப்பை வாயின் கால்வாய் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக 3 மி.மீ. ஸ்லைஸ் போடுங்கள். இப்போது கறுப்பு வளையத்துக்குள் கட்டி சாம்பல் நிறத்தில் தெரியும். வளையம் சுற்றிலும் அறுபடாமல் இருந்தால், பாராமெட்ரியத்துக்கு (கருப்பை வாயை ஒட்டிய பக்கத் திசு) பரவவில்லை என்று தைரியமாக எழுதலாம். அறுந்திருந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் சாம்பல் திசு வெளிக் கொழுப்புக்குள் ஒழுங்கற்றுப் பிதுங்குகிறதா என்று பாருங்கள். பெரிய கட்டியைச் சுற்றி வெறும் நீர்வீக்கமும் இப்படி ஏமாற்றும். சந்தேகம் வந்தால், திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். கட்டி அதில் வெள்ளையாகவும், அந்த நகர்வை அளந்து காட்டும் ஏடிசி படத்தில் கறுப்பாகவும் இருக்கும்.

பயாப்ஸி எடுத்த கையோடு ஸ்கேன் வேண்டாம். வீக்கமும் ரத்தமும் கட்டி போலத் தெரியும். ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். சிறுநீர்ப்பை பாதி நிறைந்திருந்தால் போதும். அப்புறம், சிறுநீரகம் வரை ஒரு தொடர் எடுத்துவிடுங்கள். நிணநீர்க் கணுக்களும், சிறுநீரகத்தில் நீர் தேங்கியிருந்தால் அதுவும் அகப்படும்.

கட்டியை மூன்று திசையிலும் அளந்து, பெரிய அளவை எடுங்கள். ஃபிகோ (சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) 2018 முறைப்படி, கட்டி கருப்பை வாயைத் தாண்டாதபோது 2 செ.மீ.க்குக் குறைந்தால் 1பி1, 2 முதல் 4க்குள் 1பி2, 4 அல்லது அதற்கு மேல் 1பி3.

இன்னும் குழந்தை பெற ஆசைப்படும் பெண் என்றால், கட்டியின் மேல் விளிம்புக்கும் கருப்பை வாயின் உள்துளைக்கும் (அது கருப்பைக்குள் திறக்கும் இடம்) உள்ள தூரத்தை மி.மீ.யில் அளந்து, ரிப்போர்ட்டின் மேல் வரியிலேயே எழுதுங்கள். கருப்பையைக் காப்பாற்ற முடியுமா என்று முடிவெடுக்கும் டாக்டர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.