ஜெட்சன் குடும்பம் பிளின்ட்ஸ்டோன் குடும்பத்தைச் சந்திக்கும் படத்தைப் பிள்ளைகளுடன் பார்ப்பது எப்படி

ஹன்னா-பார்பெரா கார்ட்டூன் நிறுவனம் 1987-இல் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த 'த ஜெட்சன்ஸ் மீட் த பிளின்ட்ஸ்டோன்ஸ்' படத்தை நேரடியாகத் தொடங்கிவிடாதீர்கள். கற்காலக் குடும்பம் ஒன்றைப் பற்றி 1960-இல் தொடங்கிய பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரிலிருந்தும், எதிர்காலக் குடும்பம் ஒன்றைப் பற்றி 1962-இல் வந்த ஜெட்சன்ஸ் தொடரிலிருந்தும் ஒவ்வோர் அத்தியாயத்தை முதலில் காட்டுங்கள். தொடக்கப் பாடல்களை மட்டும் தவிர்க்காதீர்கள். அவற்றை நான் பாதிப் பாடம் என்றே கருதுகிறேன். பிளின்ட்ஸ்டோன் குடும்பத் தலைவர் ஃபிரெட் கல்லுருளைக் காரைக் காலால் ஓடியே நகர்த்துவதையும், ஜெட்சன் குடும்பத் தலைவர் ஜார்ஜின் பறக்கும் கார் கைப்பெட்டியாக மடங்குவதையும் அடுத்தடுத்துப் பார்த்த பிள்ளைக்கு, இரு காலங்களும் ஒரே நடுத்தரக் குடும்ப வாழ்வின் இரு வேடங்கள் என்பது தானாகவே விளங்கிவிடும்.

அதன்பின் படத்தைத் தொடங்கலாம். ஜார்ஜின் மகன் எல்ராய் செய்த கால இயந்திரம் ஜெட்சன் குடும்பத்தைக் கற்காலத்தில் இறக்கிவிடும் இடத்தில் சற்று நிறுத்தி, இங்கே இவர்களுக்கு எது பயன்படும், எது பயன்படாது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பிறகு பிளின்ட்ஸ்டோன் குடும்பத்தினரும் அவர்களின் அண்டை வீட்டு ரபிள் குடும்பத்தினரும் எதிர்காலத்துக்குச் சென்று சேரும்போது, அதே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்.

குரல்களையும் கவனிக்கச் சொல்லுங்கள்: ரபிள் குடும்பத்துப் பார்னிக்கும் ஜார்ஜின் முதலாளி ஸ்பேஸ்லிக்கும் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க் என்னும் ஒரே கலைஞர்தான்.