பழுப்பு நிறத்தை நம்புவதற்கு முன்

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இழையங்களுக்குச் சாயமிடுவது என் வேலை. புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது தேடும் புரதத்தில் போய் ஒட்டும் பிறபொருளெதிரியைப் பற்றி அல்ல, இழையத்தைக் கெடாமல் காக்கும் போமலினைப் பற்றி.

ஈஸ்திரஜன் வாங்கி என்பது கலத்தின் கருவுக்குள் டிஎன்ஏயில் அமர்ந்து பரம்பரையலகுகளைத் தூண்டும் புரதம். பிறபொருளெதிரி அதில் ஒட்டிய இடம் சாயத்தில் பழுப்பாகும்; மார்பகப் புற்றுக்கட்டியின் கருக்களில் 1 சதவீதமாவது பழுப்பாகத் தெரிந்தால் அது 'உண்டு' என்று எழுதுகிறோம். ஈஸ்திரஜன் வாங்கியைத் தடுக்கும் தமொக்சிஃபென் போன்ற மருந்துக்கு வழி திறக்கிறது. தவறாக 'இல்லை' என்று எழுதினால் ஒரு பெண்ணின் மருந்தையே பறித்துவிடுகிறோம்.

கட்டியை வெட்டியெடுத்த 1 மணி நேரத்துக்குள், அதைப்போல் 10 மடங்கு அளவான 10 சதவீத நடுநிலைப் போமலினில் இடுங்கள். 6 மணி நேரத்துக்குக் குறையவும் வேண்டாம், 72 மணி நேரத்தைத் தாண்டவும் வேண்டாம்.

மெழுகில் பதித்து 4 மைக்ரோன் தடிப்பில் சீவிய துண்டை மெழுகு நீக்கி, பிஎச் 6 சிட்ரேட் கரைசலில் 95 பாகைக்கு மேல் 20 நிமிடம் சூடாக்குங்கள். போமலின் மூடிய புரதம் அப்போதுதான் முகம் காட்டும். அதே கரைசலில் ஆறவிட்டு, 3 சதவீத ஐதரசன் பெரொக்சைட்டில் 10 நிமிடம் வைத்த பிறகே பிறபொருளெதிரி.

இங்கே மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் துண்டு ஒட்டிய கண்ணாடி வழுக்கி கண்ணெதிரே காய்ந்துவிடும். காய்ந்த ஓரம் பொய்யாகப் பழுப்பேறும். ஈரப் பெட்டியை மூடியே வையுங்கள். அடுத்து, முதலாவதில் ஒட்டும் நொதி பூட்டிய இரண்டாம் பிறபொருளெதிரி, பழுப்புக்கு டிஏபி என்ற நிறமூட்டி, மற்றக் கருக்களின் நீலத்துக்கு ஹீமட்டாக்சிலின் சாயம். டிஏபிக் கழிவைத் தனிப் போத்தலில் சேருங்கள், வாவி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் ஈஸ்திரஜன் வாங்கி இருப்பது உறுதியான கருப்பைக் கழுத்து இழையம் ஒன்றையும், முதல் பிறபொருளெதிரி இடாத வழுக்கி ஒன்றையும் சேர்த்தே சாயமிடுங்கள். அதுவும் போதாது. ஒருமுறை வெளியிலிருந்து வந்த கட்டியில் எல்லாக் கருக்களும் நீலம். கருப்பைக் கழுத்து நன்றாகப் பழுப்பேறியிருந்தது. 'இல்லை' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகுதான் கட்டிக்கு அருகிலிருந்த சாதாரணப் பாற்குழாய்களைப் பார்த்தேன். அங்கே சில கருக்களாவது பழுப்பாக இருந்தாக வேண்டும், ஒன்றுகூட இல்லை. விசாரித்தபோது, அந்த இழையம் ஓர் இரவு முழுவதும் போமலின் இல்லாமல் வெக்கையில் கிடந்தது தெரிந்தது. அறிக்கையை நிறுத்தி, புதிய துண்டு கேட்டோம். அதில் பாற்குழாய்களும் பழுப்பு, கட்டியும் பழுப்பு.